அயனிப் பரிமாற்ற ரெசினும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி), டிஎம் பிளான்ட் (தண்ணீரில் கரைந்த உப்புகளை எல்லாம் நீக்கும் அமைப்பு) என்று ரெசின் நிரப்பிய தொட்டிகளோடு பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். வீட்டுக்குச் சாஃப்ட்னர் வாங்கியவர், பாய்லர் ஓட்டுபவர், ஆய்வகத்தில் படிக்கும் மாணவர் என யாரிடம் பேசினாலும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன. அதனால் முதல் நான்கு கேள்விகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ரெசின் ரெசின்னு சொல்றீங்களே, அது மணலா, உப்பா, பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக்தான். ஒரு கை அள்ளிப் பார்த்தால் ஈரமாக, செம்பழுப்பு நிறத்தில், விரலிடுக்கில் வழுக்கி ஓடும் சின்னச் சின்ன மணிகள். ஒவ்வொன்றும் 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஸ்டைரீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து, அந்தச் சங்கிலிகளை டைவினைல்பென்சீன் கொண்டு குறுக்கே கட்டி வலையாக்கினால் இந்த மணி கிடைக்கிறது. குறுக்குக் கட்டு இருப்பதால் தண்ணீரில் கரைவதில்லை, ஊறி உப்புவதோடு சரி. சாஃப்ட்னர் ரெசினின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்.

வெறும் வலையால் ஒரு பயனும் இல்லை. அதில் மின்சுமை உள்ள தொகுதிகளை நிரந்தரமாக ஒட்ட வைக்கிறார்கள். சாஃப்ட்னர் ரெசினில் அது சல்ஃபோனேட் தொகுதி, எதிர்மின்சுமை கொண்டது. அது தனியாக நிற்க முடியாது, பக்கத்தில் ஒரு நேர்மின் அயனி இருந்தே ஆக வேண்டும். எந்த அயனி என்பதுதான் மாறும். ரெசினின் கதை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

அப்போ இதுவும் ஒரு ஃபில்டர் தானே?

இல்லை. வடிகட்டி தடுத்து நிறுத்தும், ரெசின் மாற்றிக் கொடுக்கும். ஒன்றை எடுத்தால் அதே அளவு மின்சுமைக்கு இன்னொன்றைத் தண்ணீருக்குள் விட்டாக வேண்டும். இலவசமாக எதையும் எடுத்துக்கொள்ளாது. அதனால் ரெசின் வாங்கும்போது “எதை எடுக்கும்?” என்று மட்டும் கேட்காமல், “பதிலுக்கு எதைக் கொடுக்கும்?” என்றும் கேளுங்கள்.

கலங்கல், சேறு, துரு போன்றவற்றை ரெசின் படுக்கை, அதாவது தொட்டிக்குள் குவிந்திருக்கும் மணிகள், ஓரளவு பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அது அதன் வேலை இல்லை. அப்படிப் பிடிக்க விட்டால் மணிகளுக்கிடையே அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஒரே பாதையில் ஓட ஆரம்பிக்கும். கலங்கலை மணல் வடிகட்டியில் எடுத்த பிறகுதான் தண்ணீர் ரெசினுக்கு வர வேண்டும்.

எல்லா ரெசினும் ஒண்ணுதானா? கேட்டயான், ஆனயான்னு பிரிக்கிறாங்களே?

நேர்மின் அயனிகளை மாற்றுவது கேட்டயான் ரெசின். எதிர்மின் அயனிகளை மாற்றுவது ஆனயான் ரெசின். ஒவ்வொன்றிலும் வலுவானது, வலுக்குறைந்தது என்று இரண்டு வகை உண்டு.

வலுவான கேட்டயான் ரெசினில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி இருக்கும். கால்சியம், மெக்னீசியம், சோடியம் என எல்லா நேர்மின் அயனிகளையும் எடுக்கும். வலுக்குறைந்ததில் கார்பாக்சிலிக் தொகுதி. அது பைகார்பனேட்டோடு சேர்ந்த கடினத்தன்மையை மட்டும் எடுக்கும், ஆனால் மிகக் குறைந்த அமிலத்தில் புதுப்பிக்கப்பட்டுவிடும். குடிநீர்க் குடுவை வடிகட்டிகளில் கரியோடு பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான். வலுவான ஆனயான் ரெசினில் குவாட்டர்னரி அமோனியம் தொகுதி. சிலிக்கா, கார்பன் டைஆக்சைடு போன்ற பலவீனமான அமிலங்களையும் அது பிடிக்கும். வலுக்குறைந்த ஆனயான் ரெசினால் அவற்றைப் பிடிக்க முடியாது. சல்ஃபேட், குளோரைடு போன்ற வலுவான அமிலங்களின் அயனிகளோடு நின்றுவிடும்.

சாஃப்ட்னருக்குள்ள சரியா என்னதான் நடக்குது?

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு நுரைக்காததற்கும், சூடேற்றும் கம்பியில் வெள்ளைப் பாறைபோலப் படிவதற்கும் அவைதான் காரணம். சாஃப்ட்னர் ரெசினில் ஒவ்வொரு சல்ஃபோனேட் தொகுதியின் பக்கத்திலும் ஒரு சோடியம் அயனி உட்கார்ந்திருக்கும். கடின நீர் வந்ததும் ஒரு கால்சியம் இரண்டு சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இரண்டு இடங்களையும் தானே பிடித்துக்கொள்ளும். இடங்கள் தீர்ந்ததும் உப்புத் தண்ணீர் விட்டுச் சோடியத்தைத் திரும்ப ஏற்றி ரெசினைப் புதுப்பிப்பார்கள்.

ரெசினுக்கு ஒரு விருப்ப வரிசை உண்டு. சுமை அதிகமான அயனியை அதிகம் விரும்பும். சுமை சமமாக இருந்தால், தண்ணீரைக் குறைவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அயனியை விரும்பும். வலுவான கேட்டயான் ரெசினுக்கு அந்த வரிசை பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம், ஹைட்ரஜன் என்று இறங்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல கேள்விகளுக்கு இதுதான் விடை.

இதை யாரு கண்டுபிடிச்சாங்க?

மண்ணில் ஆரம்பித்தது. உரத்தில் உள்ள அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சுண்ணாம்பை வெளியே விடுகிறது என்பதை 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர் பதிவு செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் சியோலைட் தாதுக்களைக் கொண்டு நீரை மென்மையாக்கினார். 1935-இல் ஆடம்ஸும் ஹோம்ஸும் முதல் செயற்கை ரெசின்களை உருவாக்கினார்கள், அவை ஃபீனால் வகை. இன்று நாம் பயன்படுத்தும் ஸ்டைரீன் ரெசினுக்கு வழி போட்டது 1940-களில் அமெரிக்காவின் டாலீலியோ செய்த வேலை.

சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு. அந்த மீட்டரை வைத்துச் சாஃப்ட்னரைச் சோதிக்காதீர்கள். 20 கிராம் கால்சியம் வெளியேறினால் அதே மின்சுமைக்கு 23 கிராம் சோடியம் உள்ளே வருகிறது. மெக்னீசியம் என்றால் 12 கிராமுக்கு 23 கிராம். ஆகவே கரைந்திருக்கும் மொத்த உப்பு குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். கருவி பழுதில்லாமல் ஓடினால் அப்படித்தான் இருக்கும்.

சோதிக்க வேண்டியது கடினத்தன்மையை. அதற்கான சின்னச் சோதனைப் பெட்டி எளிது. தண்ணீரில் பஃபர் கரைசல் சில சொட்டு, பிறகு எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறமி. கடின நீராக இருந்தால் செவ்வூதா நிறம் வரும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்தால் எண்ணவே வேண்டியதில்லை, நிறமியைப் போட்டவுடனே நீலமாக நிற்கும்.

சோடியம் சேருதுன்னா, அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?

கணக்குப் போட்டுவிடுங்கள். கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லப்படும் கடினத்தன்மையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நீங்கினால் 0.46 மில்லிகிராம் சோடியம் சேரும். 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் முழுவதும் மென்மையானால் லிட்டருக்கு ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்களும், கைக்குழந்தைக்கு நீர் எடுப்பவர்களும் இந்த எண்ணைப் புறக்கணிக்கக் கூடாது. குடிக்கும் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனியாக எடுத்துவிடுவது நல்ல ஏற்பாடு. சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்ஓ வைத்தாலும் அந்தச் சோடியத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ரெசினுக்குக் கால்சியம்தான் ரொம்பப் பிடிக்கும்னா, உப்புத் தண்ணி விட்டா அது எப்படி வெளிய போகுது?

கூர்மையான கேள்வி. மேலே சொன்ன விருப்ப வரிசை, நீர்த்த தண்ணீருக்கு உரியது. கரைசல் செறிவாக ஆக ஆக, இரட்டைச் சுமை கொண்ட அயனிக்கு ரெசின் தரும் முன்னுரிமை குறைந்துகொண்டே போகும். 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரில் லிட்டருக்கு 8 மில்லி ஈக்விவலன்ட் (மின்சுமையை வைத்து அயனிகளை அளக்கும் அலகு) அயனிதான் இருக்கிறது. 10 சதவீத உப்புக் கரைசலில் சுமார் 1,800. அதாவது 200 மடங்குக்கு மேல். அந்தக் கூட்டத்தில் கால்சியத்தால் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிவதில்லை.

இதனால்தான் உப்புக் கரைசலின் செறிவு முக்கியம். நேரம் மிச்சமாகட்டும் என்று வால்வை அகலத் திறந்து, 2 அல்லது 3 சதவீதமாக நீர்த்துப்போன உப்புநீரை வேகமாக ஓடவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்ட உப்பு அதே அளவுதான், பலன் மட்டும் கிடைக்காது. 8 முதல் 12 சதவீதம், மெதுவாக, குறைந்தது அரை மணி நேரம் ரெசினோடு தொடர்பில் இருக்கும்படி விடுங்கள்.

முழுச் சுற்று இப்படிப் போகும்: முதலில் கீழிருந்து மேலாக பேக்வாஷ், படுக்கை குறைந்தது பாதி அளவுக்கு உயர்ந்து தளர வேண்டும். அடுத்து உப்புக் கரைசல். அப்புறம் அதே வேகத்தில் மெதுவான அலசல். கடைசியில் வேகமான அலசல். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள்.

எவ்வளவு உப்பு போடணும்? எவ்வளவு தண்ணி கிடைக்கும்?

25 லிட்டர் ரெசின் இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு என்றால் 2.5 கிலோ. அந்த அளவில் ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையை எடுக்கும், மொத்தம் 1,250 கிராம். அதை 400 மில்லிகிராமால் வகுத்தால் 3,125 லிட்டர். நான் 2,800 லிட்டரிலேயே ரீஜெனரேஷனை வைப்பேன், ஏனென்றால் தண்ணீரின் தரம் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

உப்பை இரட்டிப்பாக்கினால் நீரும் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். முதல் 100 கிராம் செய்யும் வேலையை அடுத்த 100 கிராம் செய்வதில்லை. அதில் பெரும்பகுதி பயன்படாமல் சாக்கடைக்குப் போகும். பெரும்பாலான இடங்களில் லிட்டருக்கு 100 முதல் 120 கிராமே நியாயமான அளவு. ஒரு துளிக் கடினத்தன்மையும் கசியக் கூடாத உயர் அழுத்த பாய்லர் போன்ற இடங்களில் கூடுதலாகப் போடுவதற்கு அர்த்தம் உண்டு.

எந்த உப்பு போட்டாலும் சரியா?

சோடியம் குளோரைடாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். சுத்திகரிக்காத உப்பில் மண்ணும் கால்சியம், மெக்னீசியமும் இருக்கும். எதை வெளியேற்ற முயல்கிறோமோ அதையே உள்ளே ஊற்றுவதாக ஆகிவிடும். அயோடின் சேர்த்த உப்பு தேவையில்லை. பொட்டாசியம் குளோரைடும் வேலை செய்யும், சோடியம் வேண்டாம் என்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு கடினத்தன்மை திரும்பி வந்துடுச்சு. ரெசின் செத்துப்போச்சா?

ரெசின் ஒரே நாளில் சாவதில்லை. திடீரென்று வந்த பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் ரெசினுக்கு வெளியேதான் இருக்கும். ஒரு விடுதியில், ரெசின் முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தால் உப்பு விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒரு குச்சியால் குத்தினேன். மேலே நான்கு விரல் தடிமனுக்குக் கெட்டியான உப்புப் பாளம், அதற்குக் கீழே வெற்றிடம், அதற்கும் கீழே வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர் உப்பைத் தொட்டே பல நாள் ஆகியிருந்தது. பாளத்தை உடைத்து, உப்பு கரைய நேரம் கொடுத்து, இரண்டு முறை ரீஜெனரேஷன் செய்தோம். அன்று மாலையே சோதனைக் குழாயில் நீலம் நின்றது. ஒரு ரெசின் மணியைக்கூட மாற்றவில்லை.

உப்புப் பாளம் இல்லையென்றால் உப்புநீரை உறிஞ்சும் இஞ்செக்டரைக் கழற்றிப் பாருங்கள், மணல் துகள் ஒன்று போதும் அதை அடைக்க. அதுவும் சரி என்றால், தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேக்வாஷ் போதுமான வேகத்தில் நடக்கிறதா என்று கவனியுங்கள். தளராத படுக்கையில் நீர் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஒரே வழியில் போகும், சுற்றியுள்ள ரெசின் சும்மா இருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ரெசினைச் சந்தேகியுங்கள்.

ரெசின் கறுப்பா, துரு நிறத்துல ஆயிடுச்சு. கழுவ முடியுமா?

இரும்பு. கரைந்த நிலையில் உள்ள ஃபெரஸ் இரும்பைச் சாஃப்ட்னர் எடுத்துவிடும், உப்பில் திரும்பவும் வெளியேறும். காற்றுப் பட்டு ஃபெரிக் ஆகிவிட்டால் துருவாகி மணிக்குள்ளும் மேலும் ஒட்டிக்கொள்ளும். உப்பு அதை அசைக்காது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிட்ரிக் அமிலம், அல்லது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் கொண்டு ஊறவைத்துக் கழுவலாம். தொட்டியும் வால்வும் அமிலத்தைத் தாங்குமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தண்ணீரில் இரும்பு நிரந்தரமாக இருந்தால், காற்றூட்டி வடிகட்டி அதை முன்கூட்டியே எடுப்பதுதான் தீர்வு. ஆண்டுக்கு நான்கு தடவை அமிலம் போடுவது ரெசினுக்கும் நல்லதில்லை, போடுகிறவருக்கும் நல்லதில்லை.

குளோரின் போட்ட தண்ணிதான் வருது. ரெசினுக்கு ஆகாதாமே?

குளோரின் ஓர் ஆக்சிஜனேற்றி. முதல் பதிலில் சொன்ன குறுக்குக் கட்டுகளை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கட்டு தளர்ந்த மணி கூடுதல் தண்ணீரை உறிஞ்சி உப்பும், மெதுமெதுவென்று ஆகும், அழுத்தத்தில் நசுங்கும். புது மணியை விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் கடினமாக இருக்கும். பழுதான மணி ஜெல்லிபோல நசுங்கிப் பரவும். தொட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போவது இதன் முதல் அறிகுறி. இரும்போ செம்போ இருந்தால் இந்தச் சிதைவு இன்னும் வேகமாகும்.

சாஃப்ட்னர் ரெசின், குழாய் நீரில் சாதாரணமாக இருக்கும் குளோரினைச் சில வருடங்கள் தாங்கும். ஆனயான் ரெசின் தாங்காது, அதன் அமைன் தொகுதிகளே உதிர ஆரம்பிக்கும். டிஎம் பிளான்டுக்கு முன்னால் கரி வடிகட்டி கட்டாயம்.

டிஎம் பிளான்ட்னா என்ன? ஏன் கேட்டயான் முதல்ல, ஆனயான் அப்புறம்?

சாஃப்ட்னரில் ரெசின் சோடியத்தைத் தருகிறது. அதே ரெசினை அமிலத்தால் ரீஜெனரேஷன் செய்தால் ஹைட்ரஜனைத் தரும். ஆனயான் ரெசினைக் காஸ்டிக் சோடாவால் செய்தால் ஹைட்ராக்சைடைத் தரும். தண்ணீர் இரண்டையும் கடந்தால் உள்ளே வந்த உப்புகள் எல்லாம் ரெசினில் தங்கிவிடும், பதிலுக்கு வந்த ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் கூடித் தண்ணீராகவே ஆகிவிடும். எடுத்ததும் கொடுத்ததும் தெரியாமல் மறைந்துபோகிற இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

வரிசைக்குக் காரணம்: ஆனயானை முதலில் வைத்தால் கடின நீர் நேரடியாக ஹைட்ராக்சைடைச் சந்திக்கும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கால்சியம் கார்பனேட்டும் படிந்து படுக்கையே இறுகிவிடும். இன்னொன்று, கேட்டயானிலிருந்து வரும் நீர் அமிலமாக இருப்பதால் பைகார்பனேட் கார்பன் டைஆக்சைடாக மாறிவிடும். நடுவில் ஒரு டிகேசர் கோபுரம் வைத்துக் காற்றை ஊதி அதை வெளியேற்றிவிடலாம். ஆனயான் ரெசினின் சுமை அந்த அளவு குறையும், காஸ்டிக் மிச்சமாகும்.

ரெண்டு காலமும் (column, ரெசின் நிரப்பிய தொட்டி) இப்பத்தான் ரீஜெனரேஷன் பண்ணினோம், ஆனாலும் பிஎச் 9-க்கு மேல வருதே?

சோடியக் கசிவு. விருப்ப வரிசையில் சோடியம் கீழே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதனால் கேட்டயான் காலத்திலிருந்து முதலில் நழுவுவது அதுதான். நழுவிய சோடியம் ஆனயான் காலத்தில் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து காஸ்டிக்காக வெளியே வரும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் கசிந்தாலே பிஎச் ஏறக்குறைய 9.6, கடத்துதிறன் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு) 10 அல்லது 11 மைக்ரோசீமென்ஸ். பிஎச் கூடினால் ஆனயானைக் குறைசொல்லாதீர்கள், கேட்டயானைப் பாருங்கள்.

அமிலத்தையும் தண்ணீரையும் ஒரே திசையில் விடும் தொட்டியில், படுக்கையின் அடிப்பகுதிதான் மிகக் குறைவாகப் புதுப்பிக்கப்படும். தண்ணீர் கடைசியாகத் தொட்டு வெளியேறுவதும் அதே அடிப்பகுதியைத்தான். எதிர்த்திசையில் அமிலம் விடும் அமைப்பில் அந்த இடம் மிகச் சுத்தமாக இருப்பதால் கசிவு பல மடங்கு குறையும், அமிலமும் மிச்சமாகும்.

கடத்துதிறன் மீட்டர் நல்லாத்தான் காட்டுது, ஆனா சிலிக்கா ஏறிடுச்சு. எப்படி?

சிலிக்கா மிகப் பலவீனமான அமிலம், கிட்டத்தட்ட அயனியாகவே பிரிவதில்லை. கடத்துதிறன் மீட்டருக்கு அது தெரியாது. ஆனயான் ரெசினில் கடைசி விருப்பமும் அதற்குத்தான், ஆகவே ரெசினின் திறன் தீரும்போது முதலில் வெளியேறுவது சிலிக்கா. டர்பைன் இறக்கையில் கண்ணாடிபோல் படியும் என்பதால் மின்நிலையங்களில் இதைத் தனியாக அளக்கிறார்கள்.

அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். ஆனயான் காலம் தீரும் நேரத்தில் கடத்துதிறன் ஏறுவதற்கு முன் ஒரு சின்ன இறக்கம் காட்டும். கசிந்த சோடியம் அதுவரை காஸ்டிக்காக வந்துகொண்டிருந்தது, இப்போது சிலிக்காவோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து வருவதால் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்துகிறது. தண்ணீர் இன்னும் நன்றாகிவிட்டது என்று மகிழ்ந்து ஓட்டத்தைத் தொடர்ந்தால் சிலிக்கா முழுவதும் பாய்லருக்குள் போயிருக்கும். இந்தப் படுக்கைக்குக் காஸ்டிக்கை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கி விடுவது சிலிக்காவை நன்றாகக் கழற்றும். வலுவான ஆனயான் ரெசினின் இரண்டு வகைகளில் டைப் 1-க்கு அது சரி. டைப் 2 அந்தச் சூட்டைத் தாங்காது.

மிக்ஸட் பெட்ல ரெண்டு ரெசினையும் கலந்துட்டா அப்புறம் எப்படிப் பிரிச்சு ரீஜெனரேஷன் பண்றது?

எடை வித்தியாசத்தால். கேட்டயான் மணி கனமானது, ஆனயான் மணி லேசானது. கீழிருந்து பேக்வாஷ் விட்டால் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கிய படுக்கை இரண்டாகப் பிரியும், அடியில் கருத்த அடுக்கு, மேலே வெளிர் அடுக்கு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் நடுக்குழாய் இருக்கும். மேலிருந்து காஸ்டிக், கீழிருந்து அமிலம், இரண்டும் நடுவில் வெளியேறும். அலசிய பிறகு காற்றை ஊதி மறுபடி கலக்க வேண்டும்.

கலந்த படுக்கையில் ஒவ்வொரு கேட்டயான் மணியின் பக்கத்திலும் ஓர் ஆனயான் மணி இருப்பதால், எண்ணற்ற டிஎம் காலங்களை வரிசையாக வைத்ததுபோல ஆகிறது. 25 டிகிரியில் தூய நீருக்கான எல்லையான 0.055 மைக்ரோசீமென்ஸை நெருங்க முடிவது அதனால்தான். ஒழுங்காகப் பிரியவில்லை என்றால் கேட்டயான் மணி காஸ்டிக்கில் குளித்துச் சோடியம் ஏறிக்கொள்ளும், அது அடுத்த ஓட்டம் முழுக்கக் கசியும். பிரிக்கும் நேரத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக், எந்த அமிலம் நல்லது?

கால்சியம் நிறைந்த ரெசினில் சல்ஃப்யூரிக்கை எடுத்தவுடன் செறிவாக விட்டால் ஜிப்சம் உண்டாகி மணிகளைச் சேர்த்து ஒட்டிவிடும், கரைப்பது பெரும்பாடு. அதனால் 1.5 அல்லது 2 சதவீதத்தில் வேகமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஹைட்ரோகுளோரிக்கில் இந்தத் தொல்லை இல்லை, 4 முதல் 6 சதவீதத்தில் விடலாம். ஆனால் அதன் புகை சுற்றியுள்ள இரும்பை அரிக்கும்.

நைட்ரிக் அமிலத்தை மட்டும் ரெசினிடம் கொண்டுவராதீர்கள். அது வலுவான ஆக்சிஜனேற்றி, ரெசின் கரிமப் பொருள். இரண்டும் சேர்ந்து வெடித்த விபத்துகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. கையில் வேறு அமிலம் இல்லை என்றால் அன்று ரீஜெனரேஷனைத் தள்ளிப்போடுங்கள்.

நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் எல்லாம் ரெசின்ல போகுமா?

மூன்றுக்கும் மூன்று பதில். நைட்ரேட்டுக்கு குளோரைடு வடிவ ஆனயான் ரெசின் நன்றாக உதவும், உப்பிலேயே ரீஜெனரேஷனும் ஆகும். ஆனால் சாதாரண ரெசினுக்கு நைட்ரேட்டைவிடச் சல்ஃபேட் பிடிக்கும். நேரம் தாண்டி ஓட்டினால் பின்னால் வரும் சல்ஃபேட், பிடித்து வைத்த நைட்ரேட்டை மொத்தமாகத் தள்ளிவிடும். அப்போது வெளியே வரும் நீரில் உள்ளே போன நீரைவிட நைட்ரேட் அதிகமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அது முதன்மையாகக் கைக்குழந்தைகளைக் காக்க வைத்த அளவு. சல்ஃபேட் உள்ள நீருக்கு நைட்ரேட் விருப்ப ரெசின் வாங்குங்கள். அதில் அமைனைச் சுற்றிப் பெரிய கரிமச் சங்கிலிகள் இருப்பதால் இரட்டைச் சுமை கொண்ட சல்ஃபேட்டால் வசதியாக உட்கார முடியாது.

ஃபுளோரைடு, ஆனயான் ரெசினின் வரிசையில் அடிமட்டத்தில் இருக்கிறது. சாதாரண ரெசின் பயன்படாது, ஆக்டிவேட்டட் அலுமினா போன்றவைதான் வழி. ஆர்செனிக் இரண்டு வடிவங்களில் வரும். ஐந்து இணைதிறன் கொண்டது எதிர்மின் அயனியாக இருப்பதால் பிடிபடும். மூன்று இணைதிறன் கொண்டது சாதாரண பிஎச்சில் மின்சுமை இல்லாதது, அப்படியே கடந்து போய்விடும். முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். எந்த வடிவம் என்று ஆய்வகத்தில் பார்க்காமல் ஆர்செனிக்குக்கு ரெசின் வாங்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கிருமி போகுமா?

போகாது. பல நாள் ஓடாமல் நிற்கும் ரெசின் படுக்கை கிருமி வளர்வதற்கே இடம் கொடுக்கும். குடிநீருக்கென்றால் பின்னால் புறஊதா விளக்கு போன்ற ஒன்று வேண்டும்.

ஆர்ஓ வந்தாச்சே, இன்னும் ரெசின் எதுக்கு? கடல் தண்ணியையே ரெசின்ல சுத்தம் பண்ண முடியாதா?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய 0.6 ஈக்விவலன்ட். ஒரு லிட்டர் ரெசின் ஒரு ஈக்விவலன்ட் எடுக்கும் என்றால் இரண்டு லிட்டர் நீர்கூடக் கிடைப்பதற்குள் தீர்ந்துவிடும். உப்பு அதிகமாக இருந்தால் ஆர்ஓ, மிகக் குறைவாக இருப்பதை மேலும் குறைக்க ரெசின். தூய நீர் தேவைப்படும் பெரும்பாலான இடங்களில் ஆர்ஓவுக்குப் பின்னால் மிக்ஸட் பெட் நிற்பது இதனால்தான். முன்னால் சாஃப்ட்னர் வைத்தால் ஆர்ஓ சவ்வில் சுண்ணாம்பு படியாது.

மூட்டையில வெச்சிருந்த ரெசின் காஞ்சுபோச்சு. தண்ணியில ஊற வெச்சா போதுமா?

நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். காய்ந்த மணி ஒரே நேரத்தில் உப்பி வெடித்துத் துண்டாகும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் பாதி நிலாக்களாகத் தெரியும். செறிவான உப்புக் கரைசலில் முதலில் ஊறவைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துக்கொண்டே வாருங்கள், மணி மெதுவாக வீங்கும். உறைபனியும் மணியை உடைக்கும். ஆனயான் ரெசின் மூட்டையைத் திறந்ததும் மீன் நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், அது அமைன். அலசினால் குறையும். பல வருடம் ஓடிய படுக்கையிலிருந்து அதே நாற்றம் வந்தால், தொகுதிகள் உதிர்கின்றன என்று பொருள்.

அந்தக் கழிவு உப்புத் தண்ணியைத் தோட்டத்துக்கு விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1850-இல் மண்ணில் பார்த்த அதே பரிமாற்றம் உங்கள் தோட்டத்து மண்ணிலும் நடக்கும். களிமண்ணில் இருக்கும் கால்சியத்தின் இடத்தில் சோடியம் ஏறிக்கொள்ளும், மண் இறுகும், தண்ணீர் இறங்காது. செடி வாடிய பிறகு காரணம் தேடுவதைவிட இப்போதே நிறுத்திவிடுவது நல்லது. டிஎம் பிளான்டின் அமிலக் கழிவையும் காஸ்டிக் கழிவையும் ஒரே தொட்டியில் சேர்த்து, பிஎச்சைச் சரிசெய்த பிறகுதான் வெளியே விட வேண்டும்.

அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நேரம் பார்த்து அல்லாமல், ஓடிய லிட்டர் கணக்கைப் பார்த்து ரீஜெனரேஷன் செய்யும் வால்வு வாங்குங்கள். உப்பு அளவை மேலே போட்ட கணக்கின்படி வையுங்கள். வேகமான அலசலின் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட நல்ல நீர்தான். அதைத் தனித் தொட்டியில் பிடித்து வைத்து, அடுத்த முறை உப்புக் கரைக்கவோ பேக்வாஷுக்கோ பயன்படுத்தலாம்.